ஆண்டறிக்கை: காஞ்சனபுரிப் பயணமும் நம் பெயர்ப் பட்டியலும்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, தேவார வகுப்பு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயலவை ஆறு முறை கூடியது, அதில் இரண்டு முறை ஆள் போதாமல் கலைந்தது.

இனி மாணவர் பயணம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதையில் இறந்தவர்களை நினைவுகூரக் காஞ்சனபுரிக்குப் போனோம். "பிள்ளைகளைச் சுடுகாட்டுக்கா கூட்டிக்கொண்டு போவது, பாங்காக் போகலாமே" என்று சிலர் கேட்டார்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவராவது எல்லா வீட்டுக் கதையிலும் இருக்கிறார். அதனால்தான் பிடிவாதமாக நின்றேன்.

19 மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், நான். தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரில் இரவு ரயில் ஏறினோம். காலையில் பான் போங் நிலையம் வந்ததும் பிள்ளைகளை எழுப்பிக் காட்டினேன். மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்தவர்களை அங்கேதான் இறக்கி, காட்டுக்குள் நடக்க விட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் ரயில்பாதை அங்கிருந்துதான் தொடங்கியது.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஜப்பானியரிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர் இருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. கொஞ்ச நேரம் படித்துக்கொண்டே நடந்த ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, நம்ம ஆளுங்க எங்க?" என்று கேட்டாள். அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் அறையில் உட்கார்ந்து சொன்னேன். இந்தப் பாதை போட வைத்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் உடன் இருந்தார்கள், ஒளித்து வைத்தாவது குறிப்பு எழுதினார்கள், போருக்குப்பின் அவர்கள் நாடுகள் வந்து எலும்பைத் தேடி எடுத்தன. ஆசியத் தொழிலாளர்கள் குறைத்துக் கணக்கிட்டாலும் 1,80,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பார்கள். எல்லாம் மதிப்பீடுதான், பட்டியல் எழுத யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள், மருத்துவர் கிடையாது. கூலி கிடைக்கும், அரிசி கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களும் உண்டு, லாரியில் பிடித்துப்போனவர்களும் உண்டு.

காஞ்சனபுரியில் உள்ள வாட் தாவோன் புத்தர் கோயில் வளாகத்தில் நம்மவர்களுக்காக நட்டிருக்கும் நடுகல் முன்னால் பூ வைத்து, அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாத நம் வீட்டுப் பெரியவர்களின் 34 பெயர்களைப் பிள்ளைகள் வாசித்தார்கள். ஒரு பையன் தன் பாட்டனாரின் அண்ணன் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டான். பக்கத்திலிருந்தவன் தொடர்ந்து படித்தான்.

அந்த 34 பெயரும் வந்தது ஒன்பது வீடுகளிலிருந்து. நம் உறுப்பினர்கள் 146 பேர். இரண்டு கடிதம் போட்டேன், வாட்ஸ்அப்பிலும் கேட்டேன். பதில் சொல்லாதவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. பணம் கேட்கவில்லை, பெயர்தான் கேட்டேன். சென்ற ஆண்டு மட்டும் விவரம் தெரிந்த மூன்று பாட்டிமார்கள் தவறிவிட்டார்கள்.

சந்தா விஷயம். பாதிக்கு மேல் பாக்கி, சிலர் மூன்று ஆண்டாகக் கட்டவில்லை. சங்கப் பணத்தில் பயணம் போனார்கள் என்று பேசியதாகவும் கேள்விப்பட்டேன். பயணச் செலவைப் பெற்றோர்களும் இரண்டு நல்ல மனிதர்களும் ஏற்றார்கள், சங்கம் கொடுத்தது வேன் வாடகை மட்டும். மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக வந்திருக்கிறது, ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

உடன் வந்த ஆசிரியர்களுக்கும், பசியாறல் கட்டிக்கொடுத்த மகளிர் பிரிவுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்ச்சியாக விட்டுக்கொடுப்பேன். இந்தப் பெயர்களை எழுதிவரும் புத்தகத்தை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள். சித்திரைக்குள் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, போனவர் பெயர், எந்தத் தோட்டம், யாரை விட்டுவிட்டுப் போனார் என்று மூன்றே வரி எழுதிக் கொடுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயர் போதும். எழுத முடியாதவர்கள் போன் பண்ணுங்கள், நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.

செயலாளர்