பழைய பைத்தானை எப்போது விடுவீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்

பைத்தான் லைப்ரரிகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தவென்று நீங்கள் எழுதித் தரும் லைப்ரரிகளை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதற்காக ஒரு காசும் கொடுத்ததில்லை என்பதால் இதைக் கோரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானின் பழைய பதிப்புகளுக்கு உங்கள் லைப்ரரியில் தரும் ஆதரவைத் தயங்காமல் கைவிடுங்கள். எப்போது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் ஐந்தாண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 3.9-க்கு அது 2025 அக்டோபரில் முடிந்தது. மொழியை உருவாக்குபவர்களே விட்டுவிட்டதை நீங்கள் எதற்குச் சுமக்க வேண்டும்? நம்பை போன்ற அறிவியல் லைப்ரரிகள் பின்பற்றும் ஸ்பெக் 0 விதி இன்னும் கறாரானது: பதிப்பு வெளியாகி மூன்றாண்டுகள் ஆனால் விட்டுவிடலாம். வேறு நூறு லைப்ரரிகள் சார்ந்திருக்கும் ஒன்றுக்கு அந்த வேகம் ஆகாது, ஐந்தாண்டே சரி. ரொம்ப நாளாக யாரும் கைவைக்காத, தானாக ஓடிக்கொண்டிருக்கும் குட்டி லைப்ரரி என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம். அதில் பெரும்பங்கு மனிதர்களே அல்ல, ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் எல்லாவற்றையும் புதிதாக இறக்கும் இயந்திரங்கள். நிறுவனங்கள் பயன்படுத்தும் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இயங்குதளத்தில் பைத்தான் 3.6 இன்னும் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அதற்குத் திருத்தம் போட ரெட் ஹாட் நிறுவனம் பணம் வாங்குகிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

தேதிக்கு இருக்கும் வலுவைப் பைத்தான் 2 விவகாரத்தில் பார்த்தோம். அதன் ஆயுள் 2015-இல் முடிவதாக இருந்ததை 2020-க்குத் தள்ளினார்கள். பிறகு பல லைப்ரரிகள் 2020-க்குள் நாங்களும் விட்டுவிடுவோம் என்று கூட்டாக அறிவித்தன. அலுவலகத்தில் மேலாளரிடம் நீட்ட எங்களுக்கு ஒரு தேதி கிடைத்தது. "பழையதாகிவிட்டது" என்றால் அவர் அசையமாட்டார். "இந்த மாதத்தோடு முடிகிறது" என்றால் நாள் ஒதுக்குவார்.

அப்புறம், கைவிடும் விதம். தயவுசெய்து திருத்த வெளியீட்டில் அதைச் செய்யாதீர்கள். 4.2.1-இலிருந்து 4.2.2-க்குப் போகிறவர் பிழைத்திருத்தத்தைத்தான் எதிர்பார்ப்பார். எந்தப் பைத்தான் பதிப்புகளில் லைப்ரரி ஓடும் என்று சொல்லும் ரிக்கொயர்ஸ்-பைத்தான் வரியையும் அதே வெளியீட்டில் மாற்றுங்கள். அது சரியாக இருந்தால், பழைய பைத்தானில் இருப்பவருக்கு, லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் தானாகவே பொருந்தும் கடைசி வெளியீட்டைத் தந்துவிடும். அவருக்கு எதுவும் உடையாது. மறந்துவிட்டால்தான் வம்பு. அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போம், ஆனால் பிப் அந்தப் புதியதைப் பொருந்தாது என்று தாண்டி, வரி விடுபட்ட உடைந்த வெளியீட்டில்தான் போய் நிற்கும். லைப்ரரிகள் பதிவேறும் பைபிஐ தளத்தில் அந்த வெளியீட்டை 'யாங்க்' செய்தால்தான், அதாவது பிப் தேர்ந்தெடுக்காதபடி விலக்கிவைத்தால்தான், தீரும். 'வருங்காலத்தில் என்ன ஆகுமோ' என்று, இந்தப் பதிப்புக்கு மேல் ஓடாது என அதே ரிக்கொயர்ஸ்-பைத்தான் வரியில் மேல்வரம்பு போடுவதும் வேண்டாம். புதிய பைத்தானுக்கு மாறியவரை அது, வரம்பு போடாத ஏதோ ஒரு பழைய வெளியீட்டுக்குத் தள்ளிவிடும்.

3.10-இன் ஆயுள் 2026 அக்டோபரோடு முடிகிறது. அதை எந்த வெளியீட்டில் விடப்போகிறீர்கள் என்று லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஏன் என்று யாராவது சண்டைக்கு வந்தால் அந்த வரிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் லைப்ரரிகளின் பயனர் ஒருவர்