விலைப்பட்டியல் பற்றி அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது. அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து பரவாயில்லாமல் முளைத்திருக்கிறது. வண்டி ஓடிய தடத்தில் மட்டும் வழுக்கை.

உன் ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு நீ போட்டு அனுப்பிய விலைப்பட்டியலைப் படித்தேன். தண்ணீரில் உப்பை நீக்கி, நீளக் கம்பின் நுனிப் பிரஷ் வழியே ஜன்னலைக் கழுவி, துடைக்காமலே காயவிடும் புது எந்திரம் வந்த கையோடு எல்லா விலையையும் ஏறக்குறையப் பாதியாக்கியிருக்கிறாய். "வேலை பாதி நேரத்தில் முடிகிறது, பழைய காசை எந்த முகத்தோடு கேட்பது" என்று அம்மாவிடம் சொன்னாயாம். போனில் பேசினால் நான்கு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். அந்தப் பட்டியல் இன்னும் யார் கைக்கும் போகவில்லை என்றால், போகவிடாதே.

நான் டயர் வண்டியைத் தள்ளிவிட்டு பெல்ட் அறுவடை எந்திரம் வாங்கிய வருடம் உனக்கு நினைவிருக்கலாம். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்து நிற்கும். பெல்ட் வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு மணி வாடகை அதிகம். இந்த வாடகைக்கு மாவட்டத்தில் அதிகாரிகள், வண்டி முதலாளிகள், விவசாயிகள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டு பெல்ட்டுக்கு இவ்வளவு, டயருக்கு இவ்வளவு என்று மணிக்கணக்கில் அறிவிப்பார்கள். மணிக்கணக்கில் ஒரு கோளாறு உண்டு. டிரைவர் கெட்டிக்காரராக இருந்து வரப்போரத்தில் சட்டென்று திருப்பினால் முதலாளிக்கு வருமானம் குறையும். சோம்பேறியாக இருந்தால் கூடும். வயல்காரர் வரப்பில் நின்று பயிரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பார். எனக்குத் தெரிந்த இடங்களில் நான் மாக்கணக்கில், அதாவது நிலத்தின் அளவை வைத்துப் பேசினேன். காய்ந்த வயல், நிமிர்ந்த பயிர் என்றால் மாவுக்கு ஒரு விலை. சாய்ந்த பயிர் என்றால் வேறு விலை. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஆகும் என்பது வண்டி வயலில் இறங்கும் முன்பே தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு முடிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

நீயும் மணிக்கணக்கை விட்டுவிடு. எத்தனை ஜன்னல், எந்த அளவு, எந்த மாடி, வெளிப்பக்கம் மட்டுமா உள்பக்கமும் சேர்த்தா, கம்பிக் கிராதி இருக்கிறதா இல்லையா, இவற்றைப் பார்த்து விலை சொல். நம் பக்கத்து வீடுகளில் கிராதி இல்லாத ஜன்னலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்குள் உன் பிரஷ் நுழையாது. அங்கே பழையபடி கையும் வைப்பரும்தான். அதைத் தனி வரியாக எழுது. உள்பக்கத்துக்குப் புது எந்திரம் எந்த விதத்திலும் உதவாது என்று நீயே சொன்னாய். பிறகு ஏன் உள்பக்க விலையையும் குறைத்தாய்?

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு, எந்திரம், கம்பு, தொட்டி எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வைத்துக்கொள். நான்கு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 50,000. ஐப்பசி, கார்த்திகையில் யாரும் கண்ணாடி துடைக்கக் கூப்பிடமாட்டார்கள். பண்டிகை, கல்யாணம், கம்பு ரிப்பேர் எல்லாம் போக வருடத்தில் 200 நாள் வேலை என்றால், தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போதே 250 ரூபாய் எந்திரத்துக்குக் கடன். இதில் தண்ணீரின் உப்பைப் பிடிக்கும் ரெசின் இல்லை, வடிகட்டி இல்லை, பிரஷ் இல்லை, பையன்கள் சம்பளம் இல்லை. விலையைப் பாதியாக்கினால் பழைய வருமானத்துக்கே இரண்டு வீடு செய்ய வேண்டும். கண்ணாடியில் பிரஷ் ஓடும் நேரம்தானே பாதியானது? ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது, ஹோஸை விரிப்பது, சுருட்டுவது, தொட்டியை நிரப்புவது, காவலாளியிடம் அனுமதி வாங்குவது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, இரண்டு வீடு என்றால் இரண்டு மடங்காகவும் ஆகின்றன. தஞ்சாவூரில் காசு கொடுத்து ஜன்னல் துடைக்கச் சொல்லும் வீடுகளும் திடீரென்று இரண்டு மடங்காகப் பெருகிவிடாது. மிச்சப்பட்ட அந்தப் பாதி நேரம்தான் எந்திரத்தின் கடனை அடைக்கும் பணம். அதை வாடிக்கையாளர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, தவணையை எங்கிருந்து கட்டுவாய்?

தண்ணீரையும் நீ விலையில் சேர்க்கவில்லை. போன தடவை நான் வந்தபோது பீரோ கண்ணாடியில் இரண்டு சொட்டு வைத்துக் காட்டினாயே, ஒன்று போர் தண்ணீர், இன்னொன்று எந்திரத்துத் தண்ணீர். மின்விசிறிக் காற்றில் இரண்டும் காய்ந்தன. போர் சொட்டு இருந்த இடத்தில் நடுவில் ஒன்றும் இல்லை, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம். நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. இன்னொன்று இருந்த இடமே தெரியவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்புடையது. வேறு வழியில்லை என்றால் 2000 வரை விடுகிறார்கள். கண்ணாடிக்கு அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நாம் குடிக்கிற தண்ணீர் கண்ணாடிக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்த வித்தையை வாடிக்கையாளர் வீட்டிலேயே ஒரு தடவை செய்து காட்டு. பிறகு "வெறும் தண்ணீருக்கா இவ்வளவு" என்று கேட்கமாட்டார்கள்.

உப்பு இரண்டு மடங்கானால் ரெசினும் இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்துபோகும். ரெசினுக்கு முன்னால் ஆர்.ஓ. வடிகட்டி இருந்தால் ரெசினுக்கு ஆயுள் கூடும், ஆனால் அது கழித்துவிடும் தண்ணீருக்கும் மோட்டார் ஓடத்தானே வேண்டும். ஆகவே ஊரைப் பார்த்தும் விலை மாற வேண்டும். நாகப்பட்டினத்திலோ வேதாரண்யத்திலோ வேலை வந்து, தண்ணீரும் அங்கேயே பிடிக்க வேண்டும் என்றால், முதலில் டி.டி.எஸ். மீட்டரை நனைத்துப் பார்த்துவிட்டுப் பேசு. உப்பளம் இருக்கிற ஊரில் தஞ்சாவூர் விலைக்கு வேலை செய்தால் ரெசின் கடைக்காரர்தான் பிழைப்பார். இன்னொன்று, மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரே முணுமுணுத்தது. நீ குடியிருக்கும் வீட்டில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது, போய் மண்ணில் முடிகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை ஒரு தொட்டியில் பிடித்துவை. வடிகட்டித்தான் எந்திரத்தில் விட வேண்டும், ஆனாலும் ரெசின் செலவு நன்றாகவே குறையும். வீட்டுக்காரரிடம் நான் பேசட்டுமா?

பழைய வாடிக்கையாளர்களுக்கு விலையை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். இதுவரை கண்ணாடியை மட்டும் துடைத்தீர்கள். இப்போது சட்டமும் விளிம்பும் சேர்ந்து கழுவப்படுகின்றன. அதே காசுக்கு அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, அதை வாயால் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். மருத்துவக்கல்லூரிச் சாலை அம்மாள் போன் செய்து "துடைக்காமலேயே போய்விட்டார்கள், சொட்டுச் சொட்டாக நிற்கிறது" என்று சத்தம் போட்டாரே. காய்ந்ததும் பாருங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. ஒரே ஒரு விலக்கு: கம்பு போட்டுச் செய்யும் முதல் கழுவலுக்கு மட்டும், பழையவர்கள் உட்பட எல்லோரிடமும் ஒன்றரை மடங்கு வாங்கு. வருடக்கணக்கில் சட்டத்தின் இடுக்கில் அடைந்த மண் முதல் தடவையில் வழிந்துகொண்டே இருக்கும், இரண்டு முறை அலச வேண்டியிருக்கும். நான் சாய்ந்த பயிருக்கு வேறு விலை சொன்னது போலத்தான். மறுமுறையிலிருந்து பட்டியல் விலை.

குறைக்க வேண்டிய இடமும் இருக்கிறது, அதை நீ கவனிக்கவில்லை. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. முன்பு சாரம் கட்டவோ கயிற்றில் ஆள் இறங்கவோ செலவாகி, அதற்குப் பயந்தே பல பேர் விட்டுவிட்டார்கள். இப்போது தரையில் நின்றே செய்கிறாய். சாரச் செலவோடு சேர்த்து அவர்களுக்கு என்ன ஆகுமோ அதைவிடத் தெளிவாகக் குறைவாகச் சொல், ஆனால் உன் செலவை வைத்துச் சொல்லாதே. அந்த இடைவெளியில்தான் உன் லாபம் இருக்கிறது. கடைத்தெருவில் தரைமட்டக் கண்ணாடிகளுக்கோ எந்திரத்தைக் கொண்டுபோகவே போகாதே. ஹோஸை விரித்து முடிப்பதற்குள் பழைய வைப்பரால் இரண்டு கடை முடித்துவிடலாம். நடைபாதையில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். அங்கே பழைய விலை, பழைய முறை. எந்திரத்தின் கடனை அவர்கள் தலையில் கட்டுவதில் நியாயம் இல்லை.

மாதாமாதம் கூப்பிடுபவர்களுக்குச் சலுகை கொடு. அழுக்கு அடைய விடாததற்கு அந்தச் சலுகை. எந்திரம் வேகமாக ஓடுகிறது என்பதற்காக ஒரு பைசா குறைக்காதே.

ஒரு வேலையை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதே. ஜன்னலுக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிற வீடு. உன் கம்பு கார்பன், அது மின்சாரத்தைக் கடத்தும், அதற்குள் ஈரம் வேறு. நம் ஊர்த் தெருக்களில் மாடிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2005இல் உயரத்தில் வேலை செய்வதற்கு விதிகள் வந்தன, ஏணியைத் தவிர்க்கத்தான் இந்தக் கம்பு அங்கே பரவியது என்று நீதான் சொன்னாய். ஏணியிலிருந்து தப்பித்து கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பையன்களிடம் வாயால் சொன்னால் போதாது, விலை பேசப் போகும்போதே நீ அண்ணாந்து பார்.

வரிக்கணக்கையும் பார்த்துக்கொள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், அதன் பிறகு பில்லில் 18 சதவீதம் ஏறும். வீட்டுக்காரர்கள் அதைக் கூடுதல் விலையாகத்தான் பார்ப்பார்கள், ஆகவே தாண்டப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவை. எந்திரத்துக்கு வருமான வரியில் 15 சதவீதம் தேய்மானம் உண்டு, ரசீதைத் தொலைத்துவிடாதே. உன் மேசை இழுப்பறையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மருத்துவமனைக்காரர் வெள்ளிக்கிழமை விலை கேட்டு வருவதாகச் சொன்னாய். அதற்குள் நீயே ஒரு நடை போய் ஜன்னல்களை மாடிவாரியாக எண்ணு, பையனை அனுப்பாதே. பின்பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, மேலே கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள். முதல் கழுவலுக்கு ஒரு தொகை, அதன் பிறகு மாதம் ஒரு தொகை, உள்பக்கம் தனி என்று மூன்று வரியில் எழுதிக் கொடு. அவர் குறைக்கச் சொன்னால் உள்பக்கத்தை எடுத்துவிட்டுக் குறை, விலையைத் தொடாதே. கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அப்பா