எஸ்டிமேட்டை வாக்குறுதியாக்காதீர்கள்: மென்பொருள் நிறுவனத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட மேலாளர்களுக்கும் டெலிவரிப் பொறுப்பில் உள்ள தலைவர்களுக்கும்,

வணக்கம். எங்கள் வேலை அஜைல் முறையில்தான் (மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கும் முறை) நடக்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் நீங்கள் சொல்லி வருகிறீர்கள். சில வாரக் கட்டமான ஸ்பிரிண்ட், தினசரிச் சிறு கூட்டமான ஸ்டாண்ட்-அப், கட்டத்தின் முடிவில் நடக்கும் மீள்பார்வைக் கூட்டமான ரெட்ரோ எதற்கும் குறைவில்லை. ஆனாலும் திட்டமிடல் கூட்டத்தில் குழு தோராயமாகச் சொன்ன எஸ்டிமேட், அதாவது வேலையின் அளவு பற்றிய கணிப்பு, கூட்டம் முடிந்த மறுகணமே மேலிடத்துக்குக் கொடுத்த வாக்குறுதியாகிவிடுகிறது. அந்த வழக்கத்தைக் கைவிடும்படி கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

‘பயனர் தம் மின்னஞ்சல் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும்’ என்ற எளிய ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் கணிப்பைச் சீட்டில் எண்ணாகக் காட்டும் பிளானிங் போக்கரில், சீட்டுகளைத் திருப்பும்போது ஒருவரிடம் 3 இருக்கிறது, இன்னொருவரிடம் 13. மூன்று என்றவர் ஒரு திரையையும் ‘சேமி’ பொத்தானையும் மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார். பதின்மூன்று என்றவருக்கோ அந்த முகவரிதான் லாகின் அடையாளம் என்பது தெரியும். புதிய முகவரி உறுதிசெய்யப்படும் வரை பழையது செல்லுமா, வேறு சாதனங்களில் திறந்திருக்கும் செஷன்களை என்ன செய்வது, பில்லிங் சிஸ்டத்தில் உள்ள நகலை யார் புதுப்பிப்பது என்ற கேள்விகள் அவர் மனத்தில் ஓடுகின்றன. அவரைப் பேசவிட்டால், கோடிங் தொடங்கிய பிறகு நடுவழியில் வெளிப்பட்டிருக்க வேண்டிய சிக்கல்கள் பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும். ‘இதற்குப் போய் பதின்மூன்றா? ஐந்து போட்டுக்கொள்ளலாமே’ என்று நீங்கள் சொல்லும்போது எண் குறைகிறதே தவிர வேலை குறைவதில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் வாயைத் திறக்கவும் மாட்டார். பிளானிங் போக்கரை 2002-இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதி வெளியிட்டதே, ஓரிருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்க மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டங்களுக்கு ஒரு மாற்றாகத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்புவது, மூத்தவரின் எண்ணைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் கணிப்பை மாற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே.

நான் கேட்பது விதிவிலக்கான சலுகை அல்ல. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி 2011-இல் திருத்தப்பட்டபோது, ஸ்பிரிண்டுக்குள் எடுத்த வேலை முழுவதையும் முடித்தே தருவதாகக் குழு உறுதியளிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கைவிடப்பட்டு, எடுத்த வேலையின் அளவு ஒரு முன்கணிப்பு மட்டுமே என்றானது. 2020 பதிப்பின்படி ஸ்பிரிண்டில் குழு கடமைப்படுவது ஸ்பிரிண்ட் இலக்குக்கு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் (வேலைக் குறிப்புக்கும்) அல்ல. நீங்கள் மாதந்தோறும் கேட்கும் ஸ்டோரி பாயிண்டும் (சீட்டில் காட்டும் அந்த எண்) வெலாசிட்டியும் (ஒரு ஸ்பிரிண்டில் குழு முடிக்கும் பாயிண்டுகளின் கூட்டுத்தொகை) அந்த வழிகாட்டியில் இடம்பெறவே இல்லை. ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தவர் தாமாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் அஜைல் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் எழுதியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வெலாசிட்டி ஒரு குழு தன் அடுத்த ஸ்பிரிண்டை அளவிட்டுக்கொள்ள உதவும் கணக்கு. ஒரு குழுவின் 5 இன்னொரு குழுவின் 5 ஆகாது. ஆகவே 40 பாயிண்ட் முடித்த குழு, 25 முடித்த குழுவைவிடத் திறமையானது என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. அப்படியும் இரண்டையும் ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால், நேற்றுவரை 3 போட்ட வேலைக்கு நாளை 5 போடுவார்கள். வரைபடம் ஏறும், ரிலீஸ் தேதி இருந்த இடத்திலேயே இருக்கும். இதில் டெவலப்பர்களைக் குறை சொல்வதற்கில்லை. எதை அளக்கிறீர்களோ அது உங்களுக்குக் கிடைக்கிறது.

வாக்குறுதியின் இன்னொரு விளைவு, யாரும் ‘கை காலியாக’ இருக்கக் கூடாது என்ற பதற்றம். ஒரு ஸ்டோரி டெஸ்டிங்கில் காத்திருக்கும்போது டெவலப்பர் டெஸ்டருக்குக் கைகொடுக்காமல் புதிய ஸ்டோரியைத் தொடங்குகிறார், கோட் ரிவ்யூவுக்கு ஆள் கிடைப்பதில்லை, ஸ்பிரிண்டின் கடைசி நாளில் எல்லா டிக்கெட்டுகளும் டெஸ்டர் தலையில் ஒன்றாக வந்து விழுகின்றன. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியின்படி, வேலை சீராக ஓடும் ஓர் அமைப்பில், கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். நாளொன்றுக்கு 2 ஸ்டோரி முடிக்கும் குழுவிடம் 20 ஸ்டோரி திறந்து கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 10 நாள். அதே வேகத்தில் 8 மட்டுமே திறந்திருந்தால் 4 நாள். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டோரி திறந்திருக்கலாம் என்பதற்குக் குழு ஒரு வரம்பு வைக்கும்போது, அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள்.

ஸ்டாண்ட்-அப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த 15 நிமிடம் டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்ள உள்ளது; உங்களிடம் வருகைப்பதிவு கொடுப்பதற்கு அல்ல. ஒவ்வொரு வேலையின் நிலையையும் காட்டும் பலகையைப் பார்த்தாலே நிலவரம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளர் தேதி கேட்கிறார், ஒப்பந்தத்தில் அபராதம் இருக்கிறது, புதிய சட்டம் குறிப்பிட்ட நாளில் நடைமுறைக்கு வருகிறது. அத்தகைய தேதியை எங்களிடம் மறைக்காமல், அதன் காரணத்தோடு சொல்லுங்கள். தேதியை அசைக்க முடியாது என்றால், அந்தத் தேதிக்குள் எது கட்டாயம் வேண்டும், எது அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிப்போகலாம் என்பதை, தயாரிப்புக்குப் பொறுப்பான பிராடக்ட் ஓனர் குழுவோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். தேதி, அம்சங்கள், ஆட்கள் மூன்றையும் நீங்களே நிர்ணயித்துவிட்டு எங்களிடம் எஸ்டிமேட் கேட்பதில் பொருளில்லை. பாதியில் ஆள் சேர்த்தும் இதைச் சரிசெய்ய முடியாது; தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்.

ஆகவே அடுத்த காலாண்டு அறிக்கையிலிருந்து குழுக்களின் வெலாசிட்டி ஒப்பீட்டை நீக்குங்கள். திட்டமிடல் கூட்டத்துக்கு வந்தால் எதற்காக இந்த அம்சம் தேவை என்பதை விளக்குங்கள், எண்ணை எங்களிடம் விட்டுவிடுங்கள். ரெட்ரோவில் குழு கேட்கும் மாற்றங்களில் ஒன்றையாவது அடுத்த ஸ்பிரிண்டிலேயே செய்ய நேரம் ஒதுக்குங்கள். முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் அதே வாரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
திட்டமிடல் கூட்டங்களில் சீட்டைத் திருப்புபவர்களில் ஒருவர்