முதல் பெண் அமைச்சர், அதற்கு முன் பத்திரிகையாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் வாக்குரிமை வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை தந்த நாடு பின்லாந்து என்று அதில் இருந்தது. அந்தப் பெருமை 1893லேயே நியூசிலாந்துக்குப் போய்விட்டது. பின்லாந்து 1906ல் செய்தது வேறு. ரஷ்ய ஜாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்திலேயே, வாக்களிக்கும் உரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் பெண்களுக்குச் சேர்த்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் 200 இடங்களில் 19 பெண்கள் வென்றார்கள். அதற்கு முன் உலகில் எந்த நாடாளுமன்றத்துக்கும் பெண்கள் தேர்வானதில்லை.

அந்த 19 பேரில் ஒருவரான மீனா சில்லன்பாவை "முதல் பெண் அமைச்சர்" என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பின்லாந்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். 1926 டிசம்பரில் அமைந்த வைனோ டானர் அரசில், சமூக நலத் துறையின் இரண்டாம் அமைச்சராக அவர் ஓராண்டு இருந்தார். அப்போது அவருக்கு வயது 60. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் பத்திரிகை நடத்தினார் என்பதை ஒரு பத்திரிகையே விட்டுவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

1866ல் யோகியோய்னென் என்ற ஊரில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர் மீனா. நாட்டையே உலுக்கிய பெரும் பஞ்சம் தொடங்கிய நேரம் அது. 12 வயதில் ஃபோர்சா பஞ்சாலையில் வேலை, பிறகு ஆணித் தொழிற்சாலையில். பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை எனலாம். 18 வயதில் போர்வோ நகருக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் நடத்திய பத்திரிகையின் அருமை புரியும். 1865ம் ஆண்டுச் சட்டப்படி வேலைக்காரி எஜமானின் கண்டிப்புக்கு உட்பட்டவள். ஒப்பந்தம் வருஷக் கணக்கில்; நினைத்தபோது விட்டுவிட்டு வர முடியாது. இத்தனை மணிக்கு வேலை முடியும் என்ற பேச்சே கிடையாது. பலருக்குப் படுக்கை சமையலறை மூலையில்தான். நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட பெண்களுக்காக 1898ல் ஹெல்சிங்கியில் உருவான பணிப்பெண்கள் சங்கத்தின் உயிர்நாடி மீனாதான். 1905ல் பணிப்பெண்களுக்கென்றே ஒரு பத்திரிகையும் வந்தது, ஆசிரியர் அவரே. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, விளக்கு அணைவதற்குள் படிப்பவர்கள்தான் அவருடைய வாசகர்கள். விளம்பரமும் சந்தா வருமானமும் எதிர்பார்க்க முடியாத வாசகர் கூட்டம்! அது நெடுநாள் ஓடவில்லை. அவர் அதோடு பேனாவை மூடிவிடவும் இல்லை. உழைக்கும் பெண்களுக்கான 'டூயோலைஸ்னைனென்', பின்னாளில் 'தோவெரிதார்' என்று தொடர்ந்து எழுதினார்.

பெண்ணுரிமை பேசிய மேட்டுக்குடிப் பெண்களின் வீடுகளிலும் பணிப்பெண்கள் இருந்தார்கள். வாக்குரிமை கேட்பது அவர்களுக்கு எளிது. தன் வீட்டு அடுக்களையில் வேலை நேரத்தைக் குறைப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது. மீனாவோ நாடாளுமன்றத்துக்குள் போனதுமே பணிப்பெண்கள் பிரச்சினையைத்தான் எழுப்பினார். ஆனாலும் அந்தப் பழைய சட்டம் ஒழிய 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உறுப்பினர் பதவி கைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டதுபோல் கட்டுரை எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இடையிடையே பதவி இல்லாமல் இருந்தாலும், 1947 வரை மொத்தம் 38 ஆண்டுகள் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். மணமாகாத தாய்மார்கள் கைக்குழந்தையோடு தங்குவதற்கான முதல் இல்லம் 1942ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஹெல்சிங்கியில் திறக்கப்பட்டதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1952ல் காலமானார்.

அக்டோபர் 1ஐ அவர் நினைவு நாளாக வைத்து பின்லாந்தில் கொடியேற்றுகிறார்கள். அந்த நாளையொட்டி உங்கள் இதழில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வர வேண்டும். படம் போடுவதாக இருந்தால், அமைச்சர் படத்தோடு அவர் நடத்திய பத்திரிகையின் முகப்பு ஒன்றையும் தேடிப் பிடித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி