தாராவி கிளினிக் டாக்டர்களுக்கு: அப்பாவின் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

தொண்ணூறு அடி சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் கிளினிக் வைத்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். காய்ச்சல் என்றால் எங்கள் ஜனம் முதலில் வந்து உட்காருவது உங்கள் பெஞ்சில்தான். பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் அப்புறம்.

என் அப்பா தையல்காரர். அவருக்கு அக்ரோமெகாலி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரக்கும். கை, பாதம், தாடை, நாக்கு, உள்ளே இதயம்கூடப் பருத்துக்கொண்டே போகும். 1886-இல் பாரிஸ் மருத்துவர் பியர் மரி பெயர் வைத்த நோய் இது.

எங்கள் வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது கத்தரிக்கோல். கட்டைவிரல் காய்த்துப் போகக் கூடாது என்று அம்மா அதன் வளையத்தில் துணி சுற்றிக் கொடுத்திருந்தார். ஒரு தீபாவளி சீசனில் அப்பா அந்தத் துணியை அவிழ்த்து எறிந்தார், விரல் இறுக்குகிறது என்று. அடுத்த தீபாவளிக்கு வெறும் இரும்பிலும் விரல் நுழையவில்லை. வேலை செய்து செய்து கை தடித்துவிட்டது என்று நினைத்து, பெரிய கத்தரிக்கோலாக வாங்கிக்கொடுத்தோம். குறட்டை, வியர்வை, விரல் மரத்துப்போவது, சர்க்கரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாத்திரையில் ஏழு வருஷம் ஓடியது. அதற்காக யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. உலகம் முழுக்கவே இதைக் கண்டுபிடிக்க ஐந்து, பத்து வருஷம் ஆகிறது. தினமும் பார்க்கிற முகம் மாறுவது நமக்கு எங்கே தெரிகிறது?

எனக்கு மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததில்தான். மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். ரத்தக்குழாயை ஒட்டி இருந்த மிச்சக் கட்டியை எடுக்க முடியவில்லை. அது சுரக்கும் ஹார்மோனை அடக்க மாதம் ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி. சுரப்பியும் நலிந்துவிட்டதால், காய்ச்சல் போன்றவற்றை உடம்பு தாங்க உதவும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தானாக ஊறாது. அதை ஈடுகட்ட தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு 102 டிகிரி காய்ச்சல். நம் பகுதி கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை அட்டையைப் பார்த்ததும், "ஸ்டீராய்டா? உடம்புக்குக் கெடுதல், முதலில் நிறுத்துங்கள்" என்றார் டாக்டர். எங்களுக்கும் விவரம் போதாது, நிறுத்திவிட்டோம். மறுநாள் விடியற்காலையில் வாந்தி. கை சில்லென்று ஆகிவிட்டது. தூக்கி உட்கார வைத்தால் தலை தொங்குகிறது. முழங்கால் தண்ணீரில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மெயின் ரோடு வரை கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்ட சில மணி நேரத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டார். காய்ச்சல் வந்தால் அந்த மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தி எடுத்தால் உடனே ஊசி போட வேண்டும் என்று அங்கேதான் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்கள்.

"ஆபரேஷன் ஆயிடுச்சே, இன்னும் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நீங்களாவது கேட்காதீர்கள். ஹார்மோன் அளவு இறங்கியதும் வியர்வை குறைந்தது, மோதிரம் தளர்ந்தது, சர்க்கரையும் நிறைய இறங்கியது. ஆனால் தேய்ந்த மூட்டு திரும்ப வராது. அவர் முழங்கால் வலி என்று வந்தால் வயசு என்று அனுப்பிவிடாதீர்கள். குறட்டை இன்னும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் எலும்பு அடர்த்தி சோதனை நன்றாக இருந்தாலும் முதுகெலும்பு நொறுங்கலாம், அதனால் புதிய முதுகுவலியை அலட்சியப்படுத்த வேண்டாம். பெருங்குடலில் பாலிப் என்ற சதை வளர்ச்சி வரும் வாய்ப்பும் கூடுதல். அப்பாவுக்குக் குழாய் விட்டுப் பார்த்தபோது ஒன்றை எடுத்தார்கள். இதயத்துக்கு எக்கோ, வளர்ச்சி ஹார்மோன் கட்டுக்குள் இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தச் சோதனை, இவையெல்லாம் இனி ஆயுசுக்கும்.

இதில் எனக்குத் தைரியம் தருவது ஒன்று உண்டு. ஹார்மோன் கட்டுக்குள் வராதவர்களுக்குச் சாவு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கட்டுக்குள் வந்துவிட்டால் அந்த அபாயம் கிட்டத்தட்ட எல்லாரையும் போல ஆகிவிடுகிறது. அப்பாவின் ஆயுசு அந்த மாத ஊசியில் இருக்கிறது. கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. "இப்ப நல்லாத்தானே இருக்கேன், இந்த மாசம் வேண்டாம்" என்று அவரே சொல்வார். அப்படி உங்களிடம் வந்து சொன்னால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

அபூர்வ நோய்தான். பத்து லட்சம் பேரில் 30 பேர் என்று குறைவாகவே வைத்தாலும், 2011 கணக்கெடுப்பில் 1.24 கோடிப் பேர் இருந்த மும்பையில் 350 பேருக்கு மேல் வருகிறது. அவர்களில் சிலர் உங்கள் பெஞ்சில் மூட்டுவலி மாத்திரைக்குக் காத்திருக்கலாம். செருப்பு அளவு கூடியதா, பல்லுக்கு நடுவில் சந்து விழுந்ததா என்று கேட்டுவிட்டு, பழைய கல்யாண போட்டோவைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

அப்பா சட்டைப் பையில் வைத்திருக்கும் அவசர அட்டையை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். காய்ச்சலுக்கு எத்தனை மாத்திரை, வாந்திக்கு என்ன ஊசி, எவ்வளவு என்று அதில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒன்று கொடுத்துவிட்டுப் போவேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தாராவித் தையல்காரர் ஒருவரின் மகள்