தவறான விடைகளைப் படிக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய வழிகாட்டி ஆசிரியர்களுக்கும், பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர்களுக்கும், உடன் பயின்ற தோழமைகளுக்கும், தங்கள் வகுப்பறைக்குள் எனக்கு இடம் தந்த குழந்தைகளுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் வணக்கம்.

தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியின் கடைசிக் கட்டமான கற்பித்தல் பயிற்சியைச் சென்ற வாரம் நிறைவு செய்தேன். பாடக்குறிப்பேடுகள், துணைக்கருவிகள், தனியாள் ஆய்வு அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒப்படைத்தபோது, அறிக்கையின் முதற்பக்கத்தில் உதவியவர்களுக்கு நன்றி சொல்ல இரண்டு வரி அளவே இடம் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிகளில் அடங்காதவற்றை இம்மடலில் எழுதுகிறேன். குழந்தைகளைப் பற்றிய செய்திகளும் இதில் கலந்து வருவதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. ஆயினும் உரியவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

முதலில், மூன்றாம் வகுப்பின் வழிகாட்டி ஆசிரியை அவர்களுக்கு.

அம்மா, நான் உங்கள் வகுப்பில் நடத்திய முதல் கணக்குத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தி உங்கள் மேசையில் வைத்த மாலை உங்களுக்கு நினைவிருக்கும். நான் சொல்லும் எண்களைக் கேட்டு இலக்கத்தில் எழுத வேண்டும் என்பதே தேர்வு. ஒரு சிறுமி தொண்ணூற்று மூன்று என்பதற்கு 903 என்று எழுதியிருந்தாள். தொண்ணூற்றாறுக்கு 906 என்றும், தொண்ணூறுக்கு 900 என்றும் எழுதியிருந்தாள். மூன்றுக்கும் சிவப்பு மையால் பெருக்கல் குறியிட்டு, ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்றும் எழுதியிருந்தேன். நீங்கள் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து, “இதை ஏன் இப்படி எழுதினாள் என்று கேட்டீர்களா?” என்றீர்கள். “கவனக்குறைவுதான் அம்மா” என்றேன். “கவனக்குறைவாக இருந்தால் ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு விதமாகத் தவறியிருப்பாள். இவள் மூன்று இடங்களிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறாள். நாளைக்குக் கேட்டுப் பாருங்கள்” என்றீர்கள்.

மறுநாள் அச்சிறுமியை அருகில் அமர்த்திக்கொண்டு, நூறு நூறாக எண்ணச் சொன்னேன். அவள் தயக்கமின்றி, “நூறு, இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொண்ணூறு” என்று எண்ணி முடித்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சிறிது நேரம் பேசவில்லை. அவள் காதில் விழுந்த ஒலியின் ஒழுங்குப்படி அவள் எழுதியது முற்றிலும் சரி. எண்ணூற்று மூன்று 803 என்றால் தொண்ணூற்று மூன்று 903 ஆக வேண்டும் அல்லவா? எட்டு வயதுக் குழந்தை தானே கண்டறிந்த ஒரு விதியின் மேல் நான் பெருக்கல் குறியிட்டிருந்தேன்.

இதைத் தமிழ் விரிவுரையாளர் ஐயாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆவதற்கும், ஒன்பதும் நூறும் சேர்ந்து தொள்ளாயிரம் ஆவதற்கும் தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சி விதி கூறியிருப்பதை எடுத்துக் காட்டினார். ஏனைய எண்களைப் போல் ஒலி நேராக அமையாததனால் இலக்கண நூலார் தனியே விதி சொல்ல நேர்ந்த அதே இடத்தில்தான் அச்சிறுமியும் இடறியிருக்கிறாள். எண்பதுக்குப் பின் வரும் பத்தின் பெயரில் நூறு என்ற ஒலியும், எண்ணூறுக்குப் பின் வரும் நூற்றின் பெயரில் ஆயிரம் என்ற ஒலியும் இருக்கின்றன என்பதைத் தமிழிலேயே வளர்ந்த நான் அதுவரை ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. ஐயா, தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்ட ஒரு நூற்பாவை வகுப்பறைக்குள் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியதற்கு உங்களுக்கு நன்றி.

அதன் பின்னர் வழிகாட்டி அம்மா சொன்னபடி பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய கட்டுகளை எடுத்து, எட்டுக் கட்டு எண்பது, ஒன்பது கட்டு தொண்ணூறு, பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெருங்கட்டு நூறு என்று அச்சிறுமியின் கையாலேயே அடுக்கச் செய்தேன். ஒன்பது கட்டுகளையும் மூன்று உதிரிக் குச்சிகளையும் வைத்துவிட்டு அவளாகவே 93 என்று எழுதினாள். தொள்ளாயிரத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு நாள் தேவைப்பட்டது.

அம்மா, அந்த ஒரு மாலைக்குப் பின்னர் நான் ஏடுகளைத் திருத்தும் முறையே மாறிவிட்டது. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிய சிறுவனின் ஏட்டைப் பார்த்தவுடன், அவன் ஒன்றாம் இடத்தில் இரண்டிலிருந்து ஏழைக் கழிக்காமல் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான் என்று புரிந்தது. ஏன் என்று கேட்டேன். “பெரிய நம்பர்ல இருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க” என்றான். சொன்னது உண்மைதான். முழு எண்ணை மனத்தில் வைத்து நான் சொன்ன வாக்கியத்தை அவன் ஒவ்வோர் இடத்துக்கும் நேர்மையாகப் பொருத்தியிருக்கிறான். பாடக்குறிப்பில் நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும், குழந்தை இதை எங்கெங்கெல்லாம் கொண்டு போய்ப் பொருத்தக்கூடும் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

கல்வி உளவியல் விரிவுரையாளர் அம்மாவுக்கு நான் தனியே கடன்பட்டிருக்கிறேன். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குறித்து நீங்கள் நடத்திய வகுப்பில், அவர் வகுத்த வளர்ச்சிப் படிநிலைகளின் பட்டியலுக்குப் போகும் முன், 1920ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணியில் அவர் ஈடுபட்டிருந்ததைச் சொன்னீர்கள். சரியான விடைகளை எண்ணுவதே அங்கு அவருக்கு இடப்பட்ட வேலை. ஆனால் ஏறத்தாழ ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமான தவறுகளைச் செய்வதைக் கண்டு, அத்தவறுகளுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையைக் கேட்டறியத் தொடங்கினார் என்றும், அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் அதுவே வித்து என்றும் விளக்கினீர்கள். வகுப்பில் அதைக் குறித்துக்கொண்டபோது அது எனக்கு ஒரு வரலாற்றுச் செய்தியாகவே பட்டது. 903 என்று எழுதிய விரல்களை அருகிலிருந்து பார்த்த பிறகுதான், நீங்கள் அதை ஏன் முதலில் சொன்னீர்கள் என்பது விளங்கிற்று.

பாடக்குறிப்புகளைத் திருத்தித் தந்த விரிவுரையாளர் ஐயாவுக்கும் நன்றி. ‘மாணவர்கள் பின்னத்தைப் புரிந்துகொள்வர்’ என்று நான் எழுதிய நோக்கத்தை அடித்துவிட்டு, ‘புரிந்துகொண்டதை நீங்கள் எதைப் பார்த்து அறிவீர்கள்?’ என்று ஓரத்தில் எழுதினீர்கள். அந்தக் குறிப்பை நான்குமுறை திரும்ப எழுத நேர்ந்தபோது மனம் சோர்ந்தது உண்மை. இப்போது அந்த வினா இல்லாமல் ஒரு பாடத்தையும் என்னால் திட்டமிட இயலவில்லை.

உடன் பயின்ற என் தோழிக்கு எழுதும்போது சொற்கள் சிறிது தடுமாறுகின்றன. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பது பற்றி அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளை நாம் இருவரும் சேர்ந்தே படித்தோம். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 வினாடிகளுக்கு மேல் நீட்டினால் குழந்தைகளின் விடைகள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடுகின்றனர், விடையே வராமல் போவது குறைகிறது என்பதையும் அவர் காட்டியிருந்தார். நான் அப்படி அவசரப்படுவதில்லை என்று உன்னிடம் உறுதியாகச் சொன்னேன். நீ வாதாடவில்லை. மறுநாள் என் வகுப்பின் பின்வரிசையில் கைக்கடிகாரத்தோடு அமர்ந்து, என் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே வினாடிகளைக் குறித்து, வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். ஏறக்குறைய எல்லா வரியிலும் 1 என்றே இருந்தது. சில வரிகளில், குழந்தை வாய் திறக்குமுன் நானே விடையைச் சொல்லிவிட்டேன் என்றும் குறித்திருந்தாய்.

காத்திருப்பது இத்தனை கடினம் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. மூன்று வினாடி மௌனம் வகுப்பறையில் நிற்பவருக்கு மிக நீண்டதாகத் தோன்றுகிறது. பாடம் தடைப்பட்டுவிட்டதோ, மேற்பார்வையிட வந்தவர் தவறாக நினைப்பாரோ என்றெல்லாம் மனம் பதறுகிறது. மனத்துக்குள் மூன்று வரை எண்ணப் பழகினேன். இரண்டாம் வாரத்தில், அதுவரை கையே உயர்த்தாத இரு குழந்தைகள் கை உயர்த்தினார்கள். உண்மையைச் சுட்டிக்காட்டிவிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருந்த உன் பெருந்தன்மைக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

முதல் வகுப்பு ஆசிரியை அவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. பெட்டி என்று எழுதும்போது ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு வலப்பக்கம் போட்ட குழந்தையைப் பற்றி நான் உங்களிடம் கேட்டபோது, “காதுக்கு முதலில் ப்தானே கேட்கிறது? கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான்” என்றீர்கள். எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறிகள் ஒலியில் பின்னும் எழுத்தில் முன்னும் வருவதை ஒரு குழந்தை எத்தனை முயன்று பழக வேண்டியிருக்கிறது என்பதை உங்கள் பொறுமையைப் பார்த்தே உணர்ந்தேன்.

எல்லாத் தவறுகளுக்கும் காரணம் சிந்தனையில் இருப்பதில்லை என்பதை எனக்குக் காட்டியவர் பள்ளி உதவியாளர் அம்மா. கரும்பலகையில் இருப்பதைத் தொடர்ந்து தவறாகப் பார்த்தெழுதிய ஒரு மாணவனின் ஏட்டை வைத்துக்கொண்டு, ர, ற வேறுபாடு அவனுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்து, குறைதீர் கற்பித்தலுக்கு ஒரு வாரத் திட்டமே தயாரித்திருந்தேன். “அந்தப் பையன் அறிவிப்புப் பலகையில மூக்கு உரசுற மாதிரி நின்னுதான் படிக்கிறான், கண்ணைக் காட்டச் சொல்லுங்கம்மா” என்று நீங்கள் சொன்னீர்கள். கண் பரிசோதனைக்குப் பின் மூக்குக்கண்ணாடியோடு வந்தவனை முதல் வரிசையில் அமர்த்தினோம். என் ஒரு வாரத் திட்டம் தேவைப்படவில்லை. என் கண்ணுக்குப் படாததை நீங்கள் வாசலில் நின்றபடியே பார்த்தீர்கள், வணங்குகிறேன்.

பெரியவர் துணை நின்று, குழந்தைக்கு முடிந்த அளவு கூடக்கூட அத்துணையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டு, 1976ஆம் ஆண்டு டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் எழுதினார்கள். வழிகாட்டி அம்மா அதை என்னிடமே செய்து காட்டினார். முதல் வாரம் என் அருகிலேயே நின்றார். பிறகு பின்வரிசைக்குச் சென்றார். அதன் பிறகு தாழ்வாரத்தில் ஏடு திருத்திக்கொண்டிருந்தார். கடைசி வாரத்தில் அவர் எங்கிருக்கிறார் என்று நான் தேடவே இல்லை என்பதை மாலையில்தான் உணர்ந்தேன்.

நள்ளிரவு வரை படச்சட்டகங்களை வெட்டி ஒட்ட உதவிய என் தம்பிக்கும், என் பாடங்களை முதலில் கேட்டுக் குறை சொன்ன என் அம்மாவுக்கும் அன்பு. குழந்தைகளே, நான் அவசரத்தில் இட்ட பெருக்கல் குறிகளுக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டபோதெல்லாம் ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி.

நிறைவாக, இரண்டாம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு. உங்கள் வகுப்பில் சன்னலோரம் அமரும் அந்தச் சிறுவன், நான் இருந்த நாள்களில் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. எழுத்தில் பிழையில்லை, தோழர்களோடு விளையாடும்போது பேசுகிறான். எத்தனை வினாடிகள் காத்திருந்தும், அருகில் அமர்ந்து கேட்டும், படம் வரையச் சொல்லியும் அவனுடைய மௌனத்தின் காரணத்தை என்னால் அறிய முடியவில்லை. பயிற்சிக் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. எந்தெந்த வேளைகளில் அவன் நிமிர்ந்து பார்த்தான், எந்தப் பாடத்தின்போது உதடுகள் அசைந்தன என்பதை நாள்வாரியாக எழுதிய குறிப்பேட்டை உங்களிடம் ஒப்படைத்தேன். அடுத்த பக்கத்திலிருந்து நீங்கள் எழுதுவதாகச் சொன்னீர்கள். நீங்கள் எழுதப் போகும் அந்தப் பக்கங்களுக்கு என் நன்றியை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
உங்கள் பயிற்சி ஆசிரியை