மொட்டைப் பனையைத் தறிக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கும், கோயில் பரிபாலன சபையினருக்கும், வீதியோர மரங்களுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

உப்புவெளிப் பக்கம் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். உளி பிடித்து 31 வருடமாகிறது. மரம் தறிப்பதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. மரம் விழுந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். வட்டு விழுந்து மொட்டையாக நிற்கிற பனை, தென்னைகளைப் பற்றியும், அவற்றில் பொந்து குடைந்து வாழும் மரங்கொத்தியைப் பற்றியும்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

போன பங்குனியில் ஒரு பாடசாலையிலிருந்து கூப்பிட்டார்கள். வளவில் நின்ற பட்ட பனையைத் தறித்துப் போட்டிருக்கிறோம், உதவுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால், குற்றியின் தலைப்பக்கத்தில் ஒரு துவாரம். அடிமட்டத்தை வைத்து அளந்தேன், மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. கவராயம் வைத்துக் கீறியதுபோல் அப்படியொரு வட்டம். ஓரத்தை விரலால் தடவினேன், ஒரு சிராய்கூடக் கையில் ஏறவில்லை. அந்தத் துண்டை நானே பிளந்தேன். உள்ளே புல் இல்லை, பஞ்சு இல்லை, கொத்திப் போட்ட மரச்சிராய்தான் மெத்தை. அதன்மேல் மூன்று முட்டை. பளபளக்கும் வெள்ளை, கொஞ்சம் நீளவாக்கு. மூன்றுமே உடைந்திருந்தன. கரு சிராய்க்குள் ஊறி இன்னும் காயவில்லை.

நான் குனிந்து நிற்கும்போதே தாயோ தகப்பனோ ஒன்று வந்தது. பனை நின்ற இடத்துக்கு மேலே, பொந்து இருந்த அந்த உயரத்திலேயே, வெறும் காற்றில் இரண்டு தரம் சுற்றியது. பிறகு பக்கத்து வேம்பில் போய் ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

தறித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மேலே பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்த்தாலும் மரங்கொத்திதானே என்று விட்டிருக்கலாம். அதனால்தான் அது எப்படிப்பட்ட பறவை என்று ஒரு தச்சனின் கண்ணால் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம் வளவுகளுக்கு வருகிற பெரிய மரங்கொத்தி 26 முதல் 29 சென்டிமீட்டர் நீளம். மைனாவைவிடப் பெரிது, காகத்தைவிடச் சிறிது. ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, பின்பக்கம் மட்டும் சிவப்பு. கறுப்புத் தொண்டையில் அரிசிக் குருணை தூவினதுபோல வெள்ளை. நெஞ்சு வெள்ளை, அதில் செதில் செதிலாகக் கறுப்புக் கோடு. அலகின் முனை உளி வாய்போல. எங்கள் உளியைத் தீட்டித் தீட்டியே அது தேய்ந்து போகும். அதன் அலகோ தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும்.

வாலைப் பாருங்கள். மற்றப் பறவைகளின் வால்போல மெத்தென்று இருக்காது, நடு இறகுகள் ஈர்க்குப்போல விறைப்பு. இரண்டு காலையும் மரத்தில் ஊன்றி, வாலையும் முட்டுக்கொடுத்தால் முக்காலி மாதிரி மூன்று பிடி. விரல்கள் இரண்டு முன்னே, இரண்டு பின்னே. இறகு உதிர்க்கும் காலத்தில் மற்ற வால் இறகுகள் முளைத்து வந்த பிறகுதான் அந்த நடு இறகுகள் விழும். முட்டுக்கொடுக்கும் கட்டையைக் கடைசியில் கழற்றுவது எங்கள் வேலையிலும் உண்டு. இதை முதன்முதல் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்துப் போனது.

நாசித் துவாரத்தைச் சின்ன இறகுகள் மூடியிருப்பதால் மரத்தூள் மூக்குக்குள் போகாது. அலகு மரத்தில் படுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன் கண்ணை ஒரு சவ்வு மூடிக்கொள்ளும். (நானோ இத்தனை வருடமாகக் கண்ணாடி போடாமல் இழைத்து, இப்போது கண் மருத்துவரிடம் அலைகிறேன்.) நாக்கு இன்னும் அதிசயம். அதைத் தாங்கும் எலும்பு தொண்டையிலிருந்து பின்னால் போய், மண்டையைச் சுற்றிக்கொண்டு நெற்றிப்பக்கம் வருகிறது. அதனால்தான் விரிசலுக்குள் நாக்கை ஆழ நீட்டி எறும்பையும் கறையானையும் வண்டுப் புழுவையும் இழுத்தெடுக்க முடிகிறது.

இவ்வளவு கொத்தியும் தலை வலிக்காதா என்று பட்டறைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். மண்டைக்குள் அதிர்ச்சி தாங்கும் பஞ்சுபோல எலும்பு இருக்கிறது என்றுதான் நானும் சொல்லி வந்தேன். 2022 இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் தலைமையில், மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகக் கமராவில் எடுத்து ஆராய்ந்தார்கள். பஞ்சு வேலை எதுவும் நடக்கவில்லை, தலை முழுதும் ஒரு விறைத்த சுத்தியல் போலத்தான் இயங்குகிறது என்று கண்டார்கள். யோசித்தால் அதுதானே சரி? சுத்தியலில் பஞ்சைக் கட்டி அடித்தால் ஆணி இறங்குமா? மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அடி அதைப் பாதிப்பதில்லை.

இனி நிறத்துக்கு வருகிறேன். இதை நம் ஊர்க்காரர் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தப் பறவையின் முதுகு பொன் மஞ்சள். தெற்கே போகப் போக இரத்தச் சிவப்பு. இரண்டும் ஒரே இனம் என்றுதான் முன்பு எழுதி வைத்திருந்தார்கள். 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, சிவப்பு முதுகுக்காரரைத் தனி இனம் என்று காட்டியது. உலகத்தில் அது இலங்கையில் மட்டும்தான் உண்டு. சரி, இந்த இரண்டும் எங்கே சந்தித்துக் கலக்கின்றன தெரியுமா? புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை. நம் ஊர் அந்த எல்லையில் இருக்கிறது. பொன்னும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், பழுத்த பனம்பழத்தின் களிபோலச் செம்மஞ்சள் முதுகோடு ஒன்றை நிலாவெளி வீதியில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். கோட்டைக்குள் நிற்கும் மான்களைக் காட்ட வெளியூர்ச் சொந்தங்களைக் கூட்டிப் போகிறோம். இதையும் காட்டலாம், அவ்வளவு அழகு.

பொந்துக்கு ஏன் மொட்டைப் பனை? வேம்பு, முதிரை போன்ற மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்கும். பனைக்கும் தென்னைக்கும் நேர்மாறு, வெளியே வைரம், உள்ளே சோறுபோல மெது. பட்டுப்போன பனையில் உள்பாகம் இன்னும் இளகிவிடும். வெளிச்சுவரை ஒருமுறை துளைத்துவிட்டால் உள்ளே குடைவது சுலபம், சுவரோ உறுதி. வீடு கட்ட இதைவிட நல்ல மரத்தை நானும் தேர்ந்தெடுக்க மாட்டேன். அந்தக் குடும்பம் போன பிறகு அதே பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறும். பனங்காடையும் மொட்டைப் பனைப் பொந்துகளில் முட்டையிடும். தானாகக் குடையத் தெரியாத பறவைகள் பலவற்றுக்கு மரங்கொத்தி விட்டுப்போகும் வீடு பெரிய உதவி.

வகுப்பறைக் கூரைக்கு மேலும், பேருந்துத் தரிப்பிடத்துக்கு மேலும் சாய்ந்து நிற்கிற மரத்தை வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் உயிர் முதல். ஆனால் வளவின் கோடியில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்பதை விட்டுவிடலாம். உயரம் பயமென்றால், பொந்து இல்லாத பட்சத்தில் மேல்பாகத்தை மட்டும் வெட்டி, பதினைந்து அடிக் குற்றியை நிற்க விடலாம். தறித்தே ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் இரண்டு காலைகள் கீழே நின்று பாருங்கள். வட்டத் துவாரம் இருக்கிறதா, அடியில் புதுச் சிராய் கொட்டிக் கிடக்கிறதா, பறவை போய் வருகிறதா? இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். முட்டை பொரிக்கப் பதினொரு நாள் அளவு, குஞ்சு பறக்க இன்னும் இருபது நாள் அளவு. ஆகமொத்தம் ஒரு மாதம். பட்ட மரம் அதுவரை எங்கேயும் ஓடிவிடாது.

பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் உப்புவெளியில் தச்சுப் பட்டறை எது என்று விசாரித்துச் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. ஏணி என்னிடம் இருக்கிறது, நானே கொண்டு வருகிறேன். காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு தச்சன்